மாதம் 400 யூனிட் மிஞ்சுகிறது: பேட்டரியா, ஸ்கூட்டரா, இண்டக்‌ஷன் அடுப்பா?

பாணஸ்வாடி மாடிவீடு | 6 மே 2025, காலை 10.20

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பெங்களூர் பாணஸ்வாடியில் சொந்த வீடு. கீழே நாங்கள் மூன்று பேர், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். போன நவம்பரில் பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 5 கிலோவாட் சோலார் போட்டோம். 78,000 மானியம் வந்துவிட்டது. அப்போது மகன், மருமகள், பேரன் எல்லோரும் எங்களோடு இருந்தார்கள். இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை, மாதம் 330 யூனிட் வரை ஆகும். ஜனவரியில் அவர்கள் புனே போய்விட்டார்கள். இப்போது செலவு பாதிதான்.

ஏப்ரல் கணக்கு: இன்வெர்ட்டர் காட்டிய உற்பத்தி 615. மீட்டரில் உள்ளே வந்தது 118, வெளியே போனது 546. மிச்சம் 428 யூனிட். அதற்கு பெஸ்காம் (பெங்களூர் மின்விநியோக நிறுவனம்) கொடுக்கும் விலை, ஒப்பந்தத்தில் எழுதியபடி, 3 ரூபாய்க்கும் கீழே.

சோலார் போட்டுக் கொடுத்தவரைக் கேட்டேன். "ராத்திரி 118 யூனிட் வாங்குறீங்க, யூனிட்டுக்கு 6.70 ஆகுது. 5 யூனிட் லித்தியம் பேட்டரி போட்டா அது முழுக்க மிச்சம்" என்றார். பேட்டரியோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டரோடு சேர்த்து 1,90,000 கேட்கிறார். மாதம் 790 ரூபாய் மிச்சம் என்று எழுதியும் கொடுத்தார். மகள் ஸ்கூட்டரை மின்சார வண்டியாக மாற்றலாம் என்கிறாள். என் வீட்டுக்காரர் காஸ் அடுப்பை நிறுத்தலாமா என்று கேட்கிறார். மிஞ்சுவதை எதில் போட்டால் உண்மையிலேயே லாபம்? ஓய்வூதியக் காசு, யோசித்துத்தான் செலவழிக்க வேண்டும்.

---

கம்பிவேலை | 6 மே, காலை 11.05

மேடம், நான் ஸ்ரீராம்புரத்தில் எலக்ட்ரீஷியன். உங்க மீட்டர்ல 1.8.0ன்னு வர்றது உள்ளே வந்தது, 2.8.0ன்னு வர்றது வெளியே போனது. மாசக் கடைசி தேதியில ரெண்டையும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க. இன்வெர்ட்டர் ஆப்ல வர்ற நம்பரை வச்சு பில்லோட சண்டை போட முடியாது, இந்த ரெண்டை வச்சுத்தான் பேச முடியும்.

கரண்ட் போனா சோலாரும் நின்னுடுது, கவனிச்சீங்களா? லைன்ல வேலை செய்யறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு இன்வெர்ட்டர் தானா நிறுத்திக்கும். பேட்டரி வேணும்னா அந்த ஒரு காரணத்துக்குத்தான் வேணும். உங்க ஏரியாவுல எவ்வளவு நேரம் கரண்ட் போகுது?

---

பாணஸ்வாடி மாடிவீடு | 6 மே, காலை 11.40

வாரத்தில் இரண்டு தடவை, அரை மணி, ஒரு மணி. மழை வந்தால் கூடுதல். பழைய யுபிஎஸ் ஒன்று இருக்கிறது, 150 ஏஎச் பேட்டரி. மூன்று மின்விசிறி, விளக்கு, வைஃபை ஓடிவிடும்.

---

மீட்டர்நோட்டு | 6 மே, இரவு 9.15

அம்மா, பேட்டரிக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். அந்த 790 ரூபாய்க் கணக்கு தப்பு. ஏன் தப்பு என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கணக்கை அல்சூரில் என் சித்தப்பாவிடமும் ஒருவர் காட்டினார்.

உங்களுக்கு நெட் மீட்டரிங். அந்த மாதத்தில் வெளியே போன யூனிட்டில் உள்ளே வந்த யூனிட்டைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் கணக்கு. ராத்திரி வாங்கிய 118 யூனிட்டுக்கு நீங்கள் 6.70 கொடுக்கவில்லை. பகலில் அனுப்பிய 546-லிருந்து 118 கழிந்துவிட்டது, அவ்வளவுதான். காசு கைமாறுவது மிஞ்சிய 428-க்கு மட்டும்.

இப்போது பேட்டரி போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரிக்கு 118 யூனிட் வேண்டும். பேட்டரியில் ஏற்றி இறக்கும்போது நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று போய்விடும். ஆக, பகலில் சுமார் 135 யூனிட் ஏற்ற வேண்டும். வெளியே போவது 411 ஆகும், உள்ளே வருவது பூஜ்யம். மிச்சம் 428 இருந்த இடத்தில் 411. 1,90,000 கொடுத்து மாதம் 17 யூனிட்டை இழக்கிறீர்கள். லாபம் ஒரு ரூபாய்கூட இல்லை. ஊருக்குக் கரண்ட் கொண்டுவரும் கிரிட்டே உங்களுக்கு அந்த மாதம் முழுக்கக் காசில்லாத பேட்டரியாக இருக்கிறது.

அந்த 6.70 எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் முதல் வீட்டு இணைப்புக்கு யூனிட் 5.80. அதன்மேல் 9 சதவீத வரி 52 பைசா. மின்துறை ஊழியர்களின் ஓய்வூதிய நிதிக்கென்று இந்த வருஷம் சேர்த்த 36 பைசா. மொத்தம் 6.68. ஒரு மாதத்தில் நீங்கள் வாங்கும் யூனிட் வெளியே அனுப்புவதைவிட அதிகமாக இருந்தால், அந்த அதிகத்துக்கு இந்த விலை பொருந்தும். உங்கள் வீட்டில் அந்த நிலை வருவதே இல்லை.

கிலோவாட்டுக்கு 145 வீதம் 5 கிலோவாட்டுக்கு 725 ரூபாய் நிலைக்கட்டணம் இருக்கிறதே, அதைப் பேட்டரியும் குறைக்காது, சோலாரும் குறைக்காது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: 3 ரூபாய்க்குப் போகிற ஒரு யூனிட், வீட்டுக்குள் வேறு எந்தச் செலவை நிறுத்தினால் 3 ரூபாய்க்கு மேல் பெறும்? ஏற்கெனவே கரண்டில் ஓடுவதை நேரம் மாற்றி ஓட்டினால் ஒன்றும் பெறாது. பெட்ரோலிலும் காஸிலும் ஓடுவதைக் கரண்டுக்கு மாற்றினால்தான் பெறும். மகளும் அப்பாவும் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

---

பாணஸ்வாடி மாடிவீடு | 6 மே, இரவு 9.50

தம்பி, ரொம்ப நன்றி. இரண்டு தடவை படித்தேன், இப்போதுதான் புரிகிறது. அப்படியானால் நான் மூன்று மாதமாக வாஷிங் மெஷினை உச்சி வெயிலில் 12 மணிக்கு ஓட்டுவதில் லாபமே இல்லையா?

---

மீட்டர்நோட்டு | 6 மே, இரவு 10.05

பில்லில் இல்லை அம்மா. ராத்திரி 9 மணிக்கு ஓட்டினாலும் அதே பில்தான். ஆனால் சாயங்காலம் 6 முதல் 10 வரை ஊர் முழுக்க விளக்கும் கீசரும் போடுகிற நேரம். சூரியன் இல்லாத அந்த நேரத்தில் வேறு இடத்தில் நிலக்கரியோ நீரோதான் ஈடுகட்ட வேண்டும். பகலில் ஓட்டுவது நல்ல பழக்கம், அப்படியே இருக்கட்டும்.

---

செம்பூர்வாசி | 7 மே, காலை 8.30

மும்பையில் எங்களுக்கு மிஞ்சும் யூனிட் அடுத்த மாதத்துக்குப் போகும், மார்ச் 31 வரை தங்கும். வெயில் காலத்தில் சேர்ந்ததை மழைக்காலத்தில் கழித்துக்கொள்வோம். வருஷக் கடைசியில் மிஞ்சுவதற்குத்தான் சொற்பக் காசு. பெங்களூரில் அப்படி இல்லையா?

---

மீட்டர்நோட்டு | 7 மே, காலை 9.00

இல்லை சார். இங்கே மாதத்துக்கு மாதம் கணக்கு முடிந்துவிடும். மார்ச்சில் மிஞ்சியதை ஜூலைக்கு எடுத்துவைக்க முடியாது. அதனால்தான் பெங்களூரில் சோலாரை வருஷச் செலவுக்குப் போடக் கூடாது, மாதச் செலவுக்குத்தான் போட வேண்டும். அம்மா வீட்டில் ஆள் குறைந்தது யாரும் எதிர்பார்த்ததில்லை, அது வேறு.

---

கோரமங்களா தாத்தா | 7 மே, காலை 10.10

சும்மா போகிற கரண்டுதானே, ஒரு ஏசி போட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். போன வருஷம் ஏப்ரலில் இந்த ஊரிலேயே 38 டிகிரி தாண்டிவிட்டதே. எங்கள் வயதில் அது வேண்டியிருக்கிறது.

---

மீட்டர்நோட்டு | 7 மே, காலை 10.40

ஐயா, உடம்புக்கு வேண்டும் என்றால் தாராளமாகப் போடலாம். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி மணிக்கு முக்கால் யூனிட் அளவில் இழுக்கும். ராத்திரி 6 மணி நேரம் ஓடினால் 13, 14 ரூபாய் ஏற்றுமதிக் காசு குறையும். அந்தச் செலவு நியாயமானது. ஆனால் அது செலவுதான், மிச்சக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

---

விவேக்நகர் மஞ்சள்வண்டி | 7 மே, மதியம் 1.25

அக்கா, மின்சார ஸ்கூட்டர் இரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். பிளக்கில் அளந்தால் ஒரு யூனிட்டுக்கு 27, 28 கிலோமீட்டர் வருகிறது. கம்பெனி சொல்கிற அளவு இதைவிடக் கூடுதல், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மகள் மாதம் எவ்வளவு ஓட்டுகிறாள்? இப்போதுள்ள வண்டிக்கு எத்தனை வயசு?

---

பாணஸ்வாடி மாடிவீடு | 7 மே, மதியம் 2.00

மான்யதா டெக் பார்க் போய் வருகிறாள். கடை, கோயில், டியூஷன் எல்லாம் சேர்த்து மாதம் 600 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 வருகிறது. வண்டிக்கு 11 வயசு. போன மாதம் என்ஜின் வேலைக்கே 7,000 ஆயிற்று.

---

விவேக்நகர் மஞ்சள்வண்டி | 7 மே, மதியம் 2.30

அப்படியானால் முடிவு சுலபம் அக்கா. 600 கிலோமீட்டருக்கு 13 லிட்டர், லிட்டர் 103 என்றால் 1,340 ரூபாய். மின்சார வண்டிக்கு 22 யூனிட், அதற்காக நீங்கள் விடுவது 66 ரூபாய். 22 யூனிட்டால் ஏறக்குறைய 1,270 ரூபாய் நிற்கிறது, யூனிட்டுக்கு 58 ரூபாய். இதைவிட உங்கள் கரண்டுக்கு நல்ல விலை யாரும் தரமாட்டார்கள்.

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்த மிச்சத்துக்கும் சோலாருக்கும் பெரிய தொடர்பில்லை. சோலார் இல்லாமல் 6.70 கொடுத்து சார்ஜ் செய்தாலும் 147 ரூபாய்தான் ஆகும். பெட்ரோல் அவ்வளவு விலை. வண்டி புதிதாக இருந்தால் மாற்ற வேண்டாம் என்பேன். 11 வயசு வண்டியை எப்படியும் மாற்றத்தானே வேண்டும்? புதிய பெட்ரோல் ஸ்கூட்டரும் சாலைக்கு வரும்போது ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் ஆகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

---

மீட்டர்நோட்டு | 7 மே, இரவு 9.30

நல்ல கணக்கு. அடுத்தது காஸ். அம்மா, உங்கள் வீட்டில் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது? பொதுவான கணக்கைப் போட்டு வைக்கிறேன், உங்கள் எண்ணை அதில் பொருத்திக்கொள்ளுங்கள்.

14.2 கிலோ சிலிண்டரில் உள்ள சூடு சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். காஸ் அடுப்பில் அதில் ஆறு பங்கு பாத்திரத்துக்குப் போகும், நாலு பங்கு பக்கவாட்டில் சமையலறையைச் சூடாக்கும். அதாவது 108, 109 யூனிட் வேலை. இண்டக்‌ஷனில் நூற்றுக்கு 85 பாத்திரத்துக்குப் போகும் என்று வைத்தால், ஒரு சிலிண்டரின் வேலையைச் செய்ய 128 யூனிட் வேண்டும். சிலிண்டர் 855 ரூபாய். வகுத்தால் யூனிட்டுக்கு 6.70 வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சோலார் இல்லாத வீட்டுக்குக் காஸும் இண்டக்‌ஷனும் ஒரே விலைதான், மாற்றி லாபமில்லை. உங்களுக்கு அந்த யூனிட் 3 ரூபாய்க்குப் போகிற யூனிட் என்பதால், ஒவ்வொன்றிலும் மூன்றே முக்கால் ரூபாய் நிற்கிறது.

---

பாணஸ்வாடி மாடிவீடு | 7 மே, இரவு 10.10

40 நாள் வருகிறது. முழுக்க இண்டக்‌ஷன் என்றால் எனக்குக் கை வராது. தோசை, கத்தரிக்காய் சுடுவது, அப்பளம் இதற்கெல்லாம் தீ வேண்டும். ஆனால் பால், டீ, சோறு, பருப்பு, இட்லி இவற்றுக்கு எந்த அடுப்பாக இருந்தால் என்ன?

---

கம்பிவேலை | 8 மே, காலை 7.45

மேடம், இண்டக்‌ஷன் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு காந்தத்தை எடுத்து உங்க பாத்திரத்து அடியில எல்லாம் ஒட்டிப் பாருங்க. ஒட்டலைன்னா அது இண்டக்‌ஷன்ல சூடாகாது. அலுமினியக் குக்கர், வெங்கலப் பானை எதுவும் வேலைக்காகாது. நிறையப் பேர் அடுப்பு வாங்கிட்டு வந்து, குக்கர் சூடாகலைன்னு என்னைக் கூப்பிடுவாங்க.

அப்புறம் 2,000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடற 6 ஆம்பியர் பிளக்ல போடாதீங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அறவே வேண்டாம். 16 ஆம்பியர் பாயிண்ட், குறைஞ்சது 2.5 ஸ்கொயர் வயர், எர்த் சரியா இருக்கணும். ஸ்கூட்டர் சார்ஜருக்கும் தனி பாயிண்ட், மழை படாத இடத்துல. பழைய வீடுன்னா எர்த் குழியையும் பார்த்துடுங்க. கம்பி கருகின பிறகு கூப்பிட்டா செலவு மூணு மடங்கு.

---

ஹொரமாவு பூங்கொடி | 8 மே, காலை 9.20

மாடியில் குடியிருப்பவர்களுக்கு மிஞ்சிய கரண்டை விற்க முடியாதா அம்மா? எங்கள் வீட்டிலும் இதே நிலைதான், மாடிக்கு வேறு மீட்டர்.

---

மீட்டர்நோட்டு | 8 மே, காலை 9.45

வேறு ஆர்ஆர் நம்பர் (மின் இணைப்பு எண்) என்றால் அது வேறு வாடிக்கையாளர். உங்கள் மீட்டரிலிருந்து மாடிக்கு வயர் இழுத்துக் கொடுப்பது விதிமீறல், பிடிபட்டால் அபராதம். வாடகைக்காரருக்கும் ஆசை இருக்காது. கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் 200 யூனிட்டுக்குள் பூஜ்ய பில் வாங்குகிற வீட்டுக்கு நீங்கள் என்ன விலைக்குக் கொடுத்தாலும் அது நஷ்டம். பொதுத் தண்ணீர் மோட்டார் எந்த மீட்டரில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். மாடி மீட்டரில் இருந்தால் முறைப்படி உங்கள் மீட்டருக்கு மாற்றிக்கொண்டு, அந்தத் தொகையை வாடகைப் பேச்சில் சேர்க்கலாம். ஆனால் அது பெரிய தொகையில்லை. 1 எச்பி மோட்டார் 40 நிமிஷம் ஓடினால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

---

பாணஸ்வாடி மாடிவீடு | 8 மே, மாலை 6.30

ஸ்கூட்டருக்கு 22, அடுப்புக்கு 60, 70 என்று வைத்தாலும் இன்னும் 340 யூனிட் மிஞ்சுகிறதே தம்பி. அதை என்ன செய்வது? வீணாகப் போவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. மின்சாரக் கார் வாங்கலாமா என்றுகூட வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

---

மீட்டர்நோட்டு | 8 மே, இரவு 9.00

வீணாகப் போகவில்லை அம்மா. உங்கள் மாடியிலிருந்து போவது பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் ஓடுகிறது, உங்களுக்கு மாதம் 900, 1,000 வரவும் வருகிறது. அதைக் காப்பாற்ற ஆறு லட்சம், எட்டு லட்சம் கார் வாங்குவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல. கார் உங்களுக்கு உண்மையிலேயே தேவை, மாதம் 800 கிலோமீட்டர் ஓடும் என்றால் அப்போது பேசலாம். யூனிட்டுக்கு 6, 7 கிலோமீட்டர் வரும், பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் பெரிய மிச்சம்தான். நீங்கள் இருவரும் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் போய்வர ஆட்டோ போதும்.

எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு. மிஞ்சுகிற யூனிட்டைத் தீர்த்தே ஆக வேண்டும் என்ற நினைப்பைக் காட்டித்தான் பேட்டரி, கார், இரண்டாவது கீசர் எல்லாவற்றையும் நம் தலையில் கட்டுகிறார்கள். யூனிட்டைத் தீர்ப்பதால் காசு வராது, இன்னொரு செலவை நிறுத்தினால்தான் வரும். நிறுத்த வேறு செலவு இல்லாத இடத்தில் விட்டுவிடுங்கள், போகட்டும்.

---

பாணஸ்வாடி மாடிவீடு | 21 செப்டம்பர் 2025, காலை 11.00

நாலு மாதம் கழித்து எழுதுகிறேன். நடந்ததை முழுதாகச் சொன்னால் இன்னொருவருக்கு உதவும்.

பேட்டரி வாங்கவில்லை. சோலார்க்காரரிடம் தம்பி எழுதிய 428, 411 கணக்கைக் காட்டினேன். படித்துவிட்டு, மேலிடத்தில் கொடுத்த காகிதத்தைத்தான் காட்டினேன் என்றார். அவர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. சின்னப் பையன்.

மே 20 அன்று புது சிலிண்டர் மாட்டியபோது இண்டக்‌ஷன் தொடங்கினேன். காந்தம் ஒட்டிப் பார்த்ததில் என் மூன்று குக்கரில் ஒன்றுதான் தேறியது. ஸ்டீல் குக்கர், இட்லிப் பானை, ஒரு வாணலி என்று 6,200 ரூபாய், தனி பாயிண்டுக்கு 1,800. இதை முதலில் கணக்கில் சேர்க்கவில்லை, மற்றவர்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சிலிண்டர் செப்டம்பர் 14 அன்றுதான் தீர்ந்தது. 40 நாள் வந்தது 117 நாள் வந்திருக்கிறது! எனக்குச் சமையலறைச் சூடு குறைந்ததுதான் பெரிய நிம்மதி. மே மாதத்தில் சோறு வடித்து முடித்தால் புடவை நனைந்துவிடும், இந்தத் தடவை அது இல்லை.

ஜூனில் ஸ்கூட்டர் வந்தது. மாதம் 22 யூனிட், மஞ்சள்வண்டி சொன்ன அதே எண்.

ஜூலை மீட்டர் கணக்கு: உற்பத்தி 432. மேகம் அவ்வளவு. வீட்டுச் செலவு 304. ஏப்ரலில் இருந்த பழைய செலவு 187, அடுப்பு 63, ஸ்கூட்டர் 22, மீதி 32 மாடியில் உள்ள சோலார் தண்ணீர் ஹீட்டரின் சூடேற்றும் மின்கம்பி. வெயில் இல்லாததால் காலையில் அதைப் போட வேண்டியிருந்தது. மிஞ்சியது 128 மட்டும். ஏப்ரலில் 428-ஐப் பார்த்து மனசு கேட்கவில்லை என்று எழுதினேனே, ஜூலையில் பார்த்தால் கார் வாங்கியிருந்தால் மிச்சம் ஏறக்குறைய முழுக்க அதற்கே போயிருக்கும்.

மாத மிச்சம்: பெட்ரோல் 1,340, காஸ் சுமார் 425. விட்டுக்கொடுத்த ஏற்றுமதி 255. நிகரம் 1,500 ரூபாய். யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டேன், கரண்ட் போனால் அது போதும்.

---

விவேக்நகர் மஞ்சள்வண்டி | 21 செப்டம்பர், மதியம் 12.15

சந்தோஷம் அக்கா. தோசை எதில் சுடுகிறீர்கள்?

---

பாணஸ்வாடி மாடிவீடு | 21 செப்டம்பர், மதியம் 12.40

காஸில்தான். பாட்டி காலத்து இரும்புக்கல். காந்தம் ஒட்டத்தான் செய்கிறது, ஆனால் இண்டக்‌ஷனில் வைத்தால் நடுவில் கருகி ஓரம் வேகாமல் நிற்கிறது. அந்த முயற்சியை விட்டுவிட்டேன்.

---

ராமமூர்த்திநகர் புதுமனை | 21 செப்டம்பர், மாலை 5.10

முழு இழையும் படித்தேன். நாங்கள் இப்போதுதான் சோலார் போடப் போகிறோம். மாதச் செலவு 220 யூனிட், மாடியில் இடம் நிறைய இருக்கிறது. எல்லோரும் 5 கிலோவாட் போடச் சொல்கிறார்கள். ஸ்கூட்டர் பெட்ரோல்தான், இரண்டு வருஷ வண்டி, மாற்ற மாட்டோம்.

---

மீட்டர்நோட்டு | 21 செப்டம்பர், இரவு 9.20

இங்கே ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்று வையுங்கள், மழை மாதத்தில் மூன்றுக்குப் பக்கத்தில் இறங்கும். 2 கிலோவாட் மாதம் 240 தரும், உங்கள் 220-க்கு அது போதும். மழை மாதத்தில் நாற்பது, ஐம்பது யூனிட் வாங்குவீர்கள், பரவாயில்லை. மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, அதற்கு மேல் எதுவும் இல்லை. மூன்றுக்கு மேல் போடும் ஒவ்வொரு கிலோவாட்டும் முழுக்க உங்கள் காசு, அதில் வருவது முழுக்க 3 ரூபாய் யூனிட். அம்மா மாதிரி இண்டக்‌ஷனும் வைக்கப் போகிறீர்கள் என்றால் 3 போடுங்கள்.

---

ராமமூர்த்திநகர் புதுமனை | 22 செப்டம்பர், காலை 8.05

வீட்டில் பேசினோம். இண்டக்‌ஷன் வைக்கலாம் என்று மனைவி சொல்கிறாள், அம்மாவுக்கு விருப்பமில்லை. முதலில் காந்தத்தை எடுத்துப் பாத்திரங்களைப் பார்க்கிறோம். 2-க்கும் 3-க்கும் தனித்தனியாகக் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன், 5 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.